திண்ணை இல்லாத வீட்டுக்கு ஒரு வாசல் மேசை: கன்சோல் டேபிள் அமைக்கவும் அலங்கரிக்கவும் முழு வழிகாட்டி

பழைய வீடுகளில் வாசலை ஒட்டிச் சில வேலைகளுக்கென்றே இடம் இருந்தது. வெயிலில் நடந்து வந்தவர் உட்காரத் திண்ணை, விளக்கு வைக்கச் சுவரிலேயே குடைந்த மாடம், குடையும் பையும் மாட்ட மர முளை. அடுக்குமாடி வீட்டில் கதவைத் திறந்தால் நேராக ஹாலில் நிற்கிறோம். சாவி சோபா மீது, ஹெல்மெட் சாப்பாட்டு மேசை மீது, கல்யாணப் பத்திரிகைகள் டிவி பக்கத்தில் என்று ஒவ்வொன்றும் ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. வாசலில் இல்லாமல் போன அந்த இடத்தைத் திருப்பித் தருகிற பொருளாகத்தான் கன்சோல் டேபிளை நான் பார்க்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் பூவும் பொம்மையும் கொஞ்சம் தாமதமாகவே வரும். இடமும் வேலையும் சரியாக அமைந்துவிட்டால் அலங்காரத்தில் பாதி தானாக முடிந்துவிடுகிறது.

கன்சோல் டேபிள் என்பது சுவரை ஒட்டிப் போடுகிற, நீளம் அதிகமும் அகலம் குறைவுமான மேசை. பிரான்சின் மாளிகைகளில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் இது பரவியது. பின்பக்கத்தைச் சுவரோடு பொருத்திவிட்டு முன்பக்கம் மட்டும் கால் கொடுத்திருப்பார்கள். மேலே பெரிய கண்ணாடி மாட்டுகிற வழக்கமும் அங்கே இருந்தது. ‘கன்சோல்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே சுவரிலிருந்து நீண்டு பாரம் தாங்கும் தாங்கி என்றுதான் பொருள். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் தெளிவாகும்: இந்த மேசையையும் அதற்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பிரித்துப் பார்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து ஒரே காட்சி.

முதலில் டேப்பை எடுங்கள்

மேசை வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரின் நீளம், கதவு முழுவதும் திறக்கும்போது அது வந்து நிற்கும் இடம், மேசையைப் போட்ட பிறகு நடக்க மிஞ்சும் அகலம். கடைசி அளவுதான் முக்கியம். மேசைக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே குறைந்தது 3 அடி வேண்டும். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஒருவர் இடிக்காமல் போக அவ்வளவு தேவைப்படும். சமையல் கேஸ் சிலிண்டர் அந்த வழியாகத்தான் உள்ளே வரும் என்றால் 3 அடிக்குக் கீழே போகவே வேண்டாம்.

சாதாரணமாகக் கன்சோல் டேபிள் 30 முதல் 32 அங்குல உயரம், 12 முதல் 16 அங்குல அகலம், 3 முதல் 5 அடி நீளம் இருக்கும். உங்கள் இடத்துக்கு எது பொருந்தும் என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பழைய செய்தித்தாள்களை மேசையின் அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, ஓரங்களை டேப் போட்டு, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். வீட்டில் எல்லாரும் வழக்கம்போல நடக்கட்டும். தாளை மிதித்துக்கொண்டே போனால் மேசை அந்த அகலத்துக்கு ஆகாது. 12 அங்குலத்துக்கும் இடமில்லை என்றால் சுவரிலேயே 8 அங்குல அகலத்தில் ஒரு தேக்குப் பலகையைப் பொருத்திவிடலாம். கால் இல்லாததால் கீழே பெருக்கித் துடைக்கவும் சுலபம்.

நிறைய அடுக்குமாடி வீடுகளில் மின்சார மெயின் பெட்டி கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதை மறைக்கிற மாதிரி கனமான எதையும் மாட்டாதீர்கள். இரவில் டிரிப் ஆனால் இருட்டில் கை நேராகப் போக வேண்டிய இடம் அது.

மேசை எதில் இருக்க வேண்டும்

கடற்கரை ஊர்களில் இரும்புக் கால் உள்ள மேசை வாங்கினால் உப்புக் காற்றுக்கு ஓரிரு வருடத்தில் துரு எட்டிப்பார்க்கும். பவுடர் கோட்டிங் நன்றாக இருக்கிறதா என்று வெல்டிங் வைத்த மூலைகளில் பாருங்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் செய்த மேசைகள் விலை குறைவு. ஆனால் துடைக்கிற ஈரம் அடியில் ஏறினால் உப்பிவிடும். அது திரும்பச் சரியாகாது. தரையைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கிற நம் வீடுகளுக்குக் கால் நுனியில் ரப்பர் புஷ் போட்ட மேசைதான் தாங்கும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. எங்கள் வீட்டு வாசல் மேசை, பாட்டியின் தையல் மிஷின் ஸ்டாண்டில் செய்தது. மிஷின் ஓடாமல் பல வருடம் மாடியில் கிடந்தது. வார்ப்பிரும்புக் காலில் இருக்கும் பூவேலையை எந்தக் கடையில் தேடினாலும் இன்று அந்த விலைக்குக் கிடைக்காது. உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது என்றால் இப்படிச் செய்யலாம்.

மிஷினையும் மேல் பலகையையும் கழற்றிவிடுங்கள். தோல் பெல்ட்டை எடுத்துவிடுங்கள். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவை உரசி எடுத்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்ததும் ஒரு கோட்டிங் ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்க வேண்டும். அதற்கு மேல் பளபளப்பு இல்லாத கறுப்பு பெயின்ட் இரண்டு கோட்டிங். பழைய கதவு, ஜன்னல் விற்கும் கடையில் ஓர் அங்குலக் கனத்துக்குத் தேக்குப் பலகை கிடைக்கும். நாங்கள் 4 அடி நீளம், 16 அங்குல அகலத்தில் வாங்கி, அடியிலிருந்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினோம். பலகையோடு சேர்த்து உயரம் 29 அங்குலம் வந்தது. காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளில் பழைய மரத்தைத் தேடிப் பார்க்கலாம்.

இரண்டு விஷயத்தைக் கட்டாயம் செய்யுங்கள். கீழே இருக்கும் மிதிப் பலகை ஆடிக்கொண்டே இருக்கும், குழந்தைகள் விரலை விட்டால் நசுங்கும். அதைக் கம்பி போட்டு அசையாமல் கட்டிவிடுங்கள். அப்புறம், ஸ்டாண்டைவிடப் பலகை நீளமானது. நுனியில் யாராவது கை ஊன்றினால் மேசையே சாயலாம். பின்பக்கம் இரண்டு எல்-கிளாம்ப் வைத்துச் சுவரோடு பிணைத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. கடையில் வாங்கிய மேசையானாலும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதைச் செய்யத்தான் வேண்டும்.

வேலைகளை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள். எங்கள் பட்டியலில் வந்தவை: வண்டிச் சாவி இரண்டு, வீட்டுச் சாவி, ஹெல்மெட், அப்பாவின் மூக்குக் கண்ணாடி, கூரியர் கவர், சில்லறை, குடை, கோவில் பிரசாதப் பொட்டலம். இவை எப்படியும் மேசைக்கு வந்து சேரத்தான் போகின்றன. இடம் ஒதுக்காவிட்டால் பூச்சாடியைச் சுற்றிக் குவியும். இடம் ஒதுக்கினால் அவையும் அலங்காரத்தில் சேர்ந்துகொள்ளும்.

சாவிக்கும் சில்லறைக்கும் செட்டிநாட்டுக் கொட்டான் மாதிரி அழகான பொருள் கிடையாது. பனையோலையில் பின்னிய அந்தச் சின்னக் கூடை கல்யாணச் சீரில் உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே வந்திருக்கலாம். கண்ணாடிக்கும் பேனாவுக்கும் ஒரு மரத் தட்டு. காகிதங்களை மட்டும் மேசை மேல் விடாதீர்கள். டிராயர் இருந்தால் அதில், இல்லாவிட்டால் கீழே ஒரு கூடையில். ஹெல்மெட்டுக்குப் பக்கச் சுவரில் ஒரு கொக்கி. பிரசாதம் உடனே பூஜை அறைக்கோ சமையலறைக்கோ போய்விட வேண்டும், எறும்பு வர ஐந்து நிமிஷம் போதும்.

செருப்பு ஸ்டாண்டை இந்த மேசைக்குக் கீழேயே வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் அப்படி வைத்தால் மேலே சாமி படமும் குத்துவிளக்கும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்களுக்கு அது தினமும் உறுத்தும். மேலே சாமி வேண்டுமென்றால் செருப்பு வெளியே போகட்டும். இரண்டில் ஒன்றை மேசை வாங்கும்போதே முடிவு செய்துகொண்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

சுவரில் என்ன மாட்டுவது

மாட்டும் பொருளின் அகலம், மேசை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். 4 அடி மேசை என்றால் 48 அங்குலம், அதற்கு 32 அங்குலம் வரும். அந்த அகலத்தில் ஒரே படம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று சின்னப் படங்களைச் சேர்த்து அந்த அளவைக் கொண்டுவரலாம். படத்தின் கீழ் ஓரத்துக்கும் மேசைக்கும் இடையே 6 முதல் 8 அங்குலம் இருக்கட்டும். அதற்கு மேல் தூக்கி மாட்டினால் படம் தனியாகவும் மேசை தனியாகவும் தெரியும். நம் வீடுகளில் படங்களை ஏறக்குறைய கூரையைத் தொடுகிற மாதிரி மாட்டுகிற பழக்கம் இருப்பதால் முதலில் இது ரொம்பத் தாழ்வாகத் தோன்றலாம். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

கண்ணாடிக்குக் கணக்கு வேறு. அதில் முகம் பார்க்க வேண்டும். வீட்டில் குள்ளமானவருக்கும் உயரமானவருக்கும் முகம் தெரிகிற மாதிரி வர வேண்டும். 30 அங்குல மேசைக்கு மேல் 6 அங்குலம் விட்டு 36 அங்குல உயரக் கண்ணாடி மாட்டினால் அதன் மேல் ஓரம் 6 அடியில் நிற்கும். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது போதும். வாசலைப் பார்த்த மாதிரி கண்ணாடி கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் பக்கவாட்டுச் சுவரில் மாட்டுங்கள். அங்கே ஜன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும், முகமும் நன்றாகத் தெரியும்.

தஞ்சாவூர் ஓவியம் மாட்ட நினைக்கிறவர்கள் சுவரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற வெளிச்சுவர் அதற்கு எதிரி. பலகையில் சுண்ணாம்புப் பூச்சும் தங்கத் தகடும் ஒட்டிச் செய்கிற படம் அது, ஈரம் பட்டால் பூச்சு உப்பி உதிரும். நேர் வெயிலும் ஆகாது. உள்சுவர் என்றால் தாராளமாக மாட்டலாம்.

ஓட்டை போடுவதற்கு முன் படத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் டேப்பால் ஒட்டி, வாசலில் நின்று பாருங்கள். வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது என்றால் கண்ணாடியையோ பெரிய படத்தையோ மேசை மீதே சுவரில் சாய்த்து வைக்கலாம். கீழ் ஓரத்தில் வழுக்காத ரப்பர் பட்டை ஒட்டுங்கள். கண்ணாடி மேசையின் முன் ஓரத்துக்கு நழுவி வர முடியாதபடி அதன் பின்பக்கக் கொக்கியையும் மேசையின் பின் ஓரத்தையும் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

ஒரு விளக்கு, ஒரு பக்கம்

நம் ஹால்களில் வெள்ளை டியூப் லைட் எல்லாவற்றின் மீதும் ஒரே மாதிரி அடிக்கிறது. பித்தளையும் மரமும் அந்த வெளிச்சத்தில் வெளிறிப்போய்விடும். மேசையின் ஒரு முனையில் 24 முதல் 28 அங்குல உயரத்தில் ஒரு மேசை விளக்கு, அதில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் எல்.இ.டி. பல்பு. 5 முதல் 7 வாட் போதும். சாயங்காலம் டியூப் லைட்டை அணைத்துவிட்டு இதை மட்டும் போட்டுப் பாருங்கள், அந்தச் சுவரே வேறு சுவராகிவிடும்.

தொல்லை ஒயரில்தான். நம் வீடுகளில் பிளக் பாயின்ட் பெரும்பாலும் ஸ்விட்ச் போர்டோடு 4 அடி உயரத்தில் இருக்கும், ஒயர் சுவரில் குறுக்கே தொங்கும். மேசையின் பின்காலோடு கிளிப் அடித்து ஒயரைக் கொண்டுபோய், போர்டு வரைக்கும் சுவர் நிறத்திலேயே பிளாஸ்டிக் கேசிங் ஒட்டினால் கண்ணில் படாது. சார்ஜ் போடுகிற விளக்கு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. கரன்ட் போகும்போது வாசலில் ஒரு வெளிச்சமும் இருக்கும்.

இப்போது அடுக்கலாம்

மேசையை முழுக்கக் காலி செய்து துடையுங்கள். பிறகு பெரியதிலிருந்து சின்னதுக்குப் போங்கள்.

உயரமான பொருளை ஒரு முனைக்குக் கொண்டுபோங்கள். மேசை விளக்கு அங்கே இருந்தால் அதுவே போதும். மறுமுனையில் அதன் பாதி உயரத்துக்கு ஒன்று. நடுவில் தாழ்வான, பரந்த பொருள் ஒன்று. இந்த மூன்றின் தலைகளையும் மனத்தில் கோடு போட்டு இணைத்தால் சமமில்லாத ஒரு முக்கோணம் வரும். கொலு வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உயரமான பொம்மை பின்னால், குட்டி பொம்மை முன்னால், எதுவும் எதையும் மறைக்கக் கூடாது என்று அம்மா கை தானாக வைக்கும். அதே கைதான் இங்கேயும் வேண்டும். ஒரே வித்தியாசம், கொலுவில் படி நிறைந்திருக்க வேண்டும், இங்கே காலி இடமும் தெரிய வேண்டும். மேசைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்கட்டும். வீட்டுக்குள் வருகிறவர் கைப்பையை வைக்க அந்த இடம் தேவை.

எங்கள் மேசையில் இன்று இருப்பதைச் சொல்கிறேன். இடது முனையில் மேசை விளக்கு. அதன் அடியில் ஒட்டினாற்போல மரத் தட்டு, அதில் மூக்குக் கண்ணாடியும் பேனாவும். நடுவில் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் பித்தளை உருளி. வலது முனையில் தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை, பாவாடை கட்டி ஆடுகிற பெண். அதற்கு முன்னால் கொட்டான். ஃபேன் காற்று படுகிற இடத்தில் அந்தப் பொம்மையை வைத்தால் யாரும் தொடாமலே மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருக்கும். வருகிற குழந்தைகள் முதலில் அங்கேதான் நிற்கிறார்கள். அடியில் விரிக்கப் பத்தமடைக் கோரைப் பாயில் செய்த நீளமான மேசை விரிப்பு. துணி விரிப்பைவிட இது நம் ஊர்த் தூசிக்கு ஏற்றது, உதறினால் போதும்.

பொருள்களை வாங்கித்தான் வைக்க வேண்டும் என்றில்லை. பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, தாத்தாவின் பித்தளைக் கூஜா, அளக்கிற மரப்படி, யாரும் எடுக்காத அஞ்சறைப் பெட்டி எல்லாமே இந்த மேசைக்கு வரலாம். கடையில் வாங்குகிற ஐந்து சின்ன பொம்மைகளைவிட ஒரு பழைய கூஜா நன்றாக நிற்கும். ஒரே மாதிரிப் பொருள்கள் நிறைய இருந்தால் ஒன்றையோ மூன்றையோ எடுத்து வையுங்கள், மீதியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூன்று மாதம் கழித்து மாற்றுங்கள்.

நிறத்தையும் பாருங்கள். வெளிர்ச் சுவரில் கரிய தேக்கும் பித்தளையும் எடுப்பாகத் தெரியும். அடர்ந்த பச்சையோ நீலமோ அடித்த சுவரென்றால் மணல் நிறப் பாயும் மானாமதுரை மண்பானையும் நன்றாக இருக்கும்.

அடுக்கி முடித்ததும் வாசலுக்கு வெளியே நின்று போனில் ஒரு படம் எடுங்கள். கண் பழகிவிட்டதால் தெரியாமல் போன குறைகள் எல்லாம் படத்தில் தெரியும்: சாய்ந்த படம், தொங்கும் ஒயர், ஒரு பக்கம் அதிகமான கனம். நான் ஒவ்வொரு முறையும் படம் எடுத்த பிறகு ஒரு பொருளையாவது எடுத்துவிடுகிறேன்.

உருளியும் செடியும்

உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவது நம் வாசலுக்கு வரும் அழகுகளிலேயே பெரியது. ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். அதனால் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மாற்றும்போது உருளியின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுவதும் முக்கியம், முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஊருக்குப் போனால் கவிழ்த்துவிட்டுப் போங்கள். தினமும் முடியாது என்கிறவர்கள் தண்ணீர் இல்லாமல் எலுமிச்சம்பழங்களையோ மஞ்சள் கிழங்கையோ நிரப்பி வைக்கலாம், அதுவும் அழகுதான். செவ்வந்தியும் சம்பங்கியும் தண்ணீரில் நன்றாகத் தாங்கும். மல்லிகை ஒரே நாளில் பழுத்துவிடும், ஆனால் அந்த ஒரு நாள் வாசனைக்கு ஈடில்லை.

உருளியின் அடியில் தண்ணீர் கசிந்தால் மரத்தில் வெள்ளை வட்டம் விழும். வீடு கட்டியபோது மிஞ்சிய ஆத்தங்குடி டைல் ஒன்று இருந்தால் அடியில் கம்பளித்துணி ஒட்டி, உருளிக்கு மணையாக வைத்துவிடுங்கள்.

செடி வைக்க வாசல் பக்கம் வெளிச்சம் போதுமா என்று பாருங்கள். மணிபிளான்ட்டும் பாம்புச் செடியும் குறைந்த வெளிச்சத்திலும் சமாளிக்கும். தவழுகிற குழந்தையோ பூனையோ இருந்தால் மணிபிளான்ட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். அதன் இலையைக் கடித்தால் வாயெல்லாம் எரிந்து வீங்கும்.

பராமரிப்பு

பித்தளை கறுத்தால் புளியும் கல்லுப்பும் சேர்த்துத் தேயுங்கள். புளியில் இருக்கும் அமிலம் மேலே படிந்த கறையைக் கரைத்துவிடும். பிறகு தண்ணீரில் அலசி, ஈரம் கொஞ்சமும் இல்லாமல் துடைக்க வேண்டும். ஈரம் நின்றால் மறுநாளே புள்ளி விழும். கடையில் வாங்கிய சில பித்தளைப் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கும். அவற்றைப் புளி போட்டுத் தேய்த்தால் பூச்சு திட்டுத்திட்டாகப் போய்விடும், உலர்ந்த துணி போதும். பழைய பஞ்சலோகச் சிலைகளைத் தேய்க்கவே வேண்டாம். அந்தக் கருமைதான் அவற்றின் வயது.

வாரத்தில் ஒரு நாள் மேசையில் சேர்ந்த ரசீதுகளையும் பத்திரிகைகளையும் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமைக் காலை, வீடு துடைக்கிற நாள்.

பண்டிகை வந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். பொங்கலுக்கு உருளியை எடுத்துவிட்டு மஞ்சள் கொத்து கட்டிய சின்னப் பானை, நவராத்திரிக்கு மூன்றே படியில் ஒரு குட்டிக் கொலு. கார்த்திகைக்கு நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வைப்பதானால் பாய் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிட்டு, அடியில் பித்தளைத் தாம்பாளம் வையுங்கள். சுடருக்கு நேர் மேலே படம் இருந்தால் அன்று இரவு மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள், கண்ணாடிச் சட்டத்தில் கரி படியும், உள்ளே இருக்கும் ஓவியத்துக்கும் சூடு ஏறும். தீபம் அணையாமல் இருக்க ஃபேனை நிறுத்திவிடுவோம், அதனால் தலையாட்டிப் பொம்மையும் அன்று தலையாட்டாமல் நிற்கும்.